கிரானைட் மட்டும்

வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் வேலை அன்றைக்கே முடிந்திருக்கும்.

கல்லறைத் தோட்டத்து அலுவலகத்தில் கணினி முன் உட்கார்ந்திருந்த பெண், தலை நிமிராமல் "கல்லு கிரானைட்தானே சார்?" என்றாள். அது கேள்வியே இல்லை. வருகிறவர்கள் எல்லாரிடமும் கேட்டுக் கேட்டு மூச்சு விடுவது மாதிரி ஆகிவிட்ட வாக்கியம். "ம்" என்று ஒரு முனகல் போதும். பல்செட்டுக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்து, "இல்லம்மா, அது கிரானைட் இல்லை" என்றார்.

சொல்லி முடித்த பிறகுதான், பேசியது தன் வாய்தான் என்பது அவருக்கு உறைத்தது.

அவருக்குக் கல்லைப் பற்றி ஒன்றும் தெரியாது. தெரிந்துகொள்ளக் கூடாது என்று பிடிவாதமாக இருந்து அதில் வெற்றியும் கண்டவர். பல் போனவர்களுக்குப் பல் செட் செய்து கொடுப்பது அவர் தொழில். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு சின்னக் கடை, அதில் ஒரு கடைசல் மோட்டார், மாவு பிசைகிற கிண்ணங்கள், அலமாரி நிறையச் சிரித்துக்கொண்டிருக்கும் அச்சுகள். பாறை ஆராய்ச்சி செய்தவள் அவர் மனைவி. போன மாதம் இறந்துபோனாள். அவள் இருந்த வரைக்கும் அவர் எதைப் பார்த்து "கிரானைட்" என்றாலும் பக்கத்திலிருந்து ஒரு குரல் வரும், "அது கிரானைட் இல்லைங்க." வங்கிக் கவுண்டர், ஓட்டல் படிக்கட்டு, மகள் வீட்டு அடுப்பு மேடை, எதுவும் கிரானைட் இல்லை. "கருப்பு கிரானைட்னு ஒண்ணு இந்தப் பூமியில கிடையாது. அது கடைக்காரன் பெத்த பிள்ளை." மூளைக்குப் போகாத பாடம் நாக்கில் தங்கிவிட்டது.

"கிரானைட் இல்லையா? அப்ப என்ன கல்லு?" அந்தப் பெண் முதல் முறையாக அவர் முகத்தைப் பார்த்தாள்.

"சார்னோக்கைட்."

அவள் திரையில் தேடினாள். தேட அதிகம் இல்லை. அம்புக்குறியைத் தட்டியதும் ஒரு பட்டியல் விரிந்தது. அதில் ஒரே ஒரு வரி.

"இதுல கிரானைட் மட்டும்தான் சார் இருக்கு."

"ஒண்ணே ஒண்ணுக்கு எதுக்கும்மா லிஸ்ட்டு?"

"அது எனக்குத் தெரியாது சார். வேற கல்லு வெக்கக் கூடாதுன்னு ரூல்."

விதிக்குக் காரணம் இருந்தது. முன்பு மாவுக்கல்லும் சுண்ணாம்புக் கல்லும் வைத்து, மழையில் எழுத்தெல்லாம் கரைந்து, யார் தலைமாட்டில் யார் அழுவது என்று குடும்பங்களுக்குள் தகராறு வந்திருக்கிறது. கமிட்டி கூடி, கடையில் கிடைக்கிற கெட்டியான கல்லுக்கெல்லாம் தங்களுக்குத் தெரிந்த ஒரே பெயரை எழுதிவிட்டார்கள். அந்தப் பெயரைச் சொல்லிவிட்டால் எந்தக் கல்லும் உள்ளே போகலாம். சொல்ல மறுத்த முதல் ஆள் இவர்தான்.

"யாராவது நிபுணர் பார்த்து இது கிரானைட்னு சொல்லட்டும் சார். எழுதிக்கிறேன்" என்றாள் அந்தப் பெண். நல்ல பெண். அவர் மனைவி போனதற்கு ஒரு வார்த்தை வருத்தமும் சொன்னாள்.

மகள் வேறு ஊரில், பாலம் கட்டுகிற இடத்தில் கான்கிரீட் சோதிக்கிறவள். போனில் அவளிடம் விஷயத்தைச் சொன்னார்.

"'ஆமா'ன்னு சொல்லியிருக்கலாம்லப்பா?"

"உங்கம்மா பக்கத்துல நிக்கிற மாதிரியே இருந்துச்சு."

"அம்மா நின்னிருந்தா நீங்க எதுக்கு அங்க போகப்போறீங்க?"



வேறு கல்லாக இருந்தால் விட்டிருப்பார். இது அவள் கேட்ட கல். ஆஸ்பத்திரியில், பேச மூச்சு மிச்சமிருந்த நாட்களில், அவள் கேட்டது அது ஒன்றுதான். "பின் சுவத்துல சாஞ்சிருக்கே, அதை என் தலைமாட்டுல வைங்க." பிறகு சிரித்தாள். அந்த வகைப் பாறையை முதன்முதலாக அடையாளம் கண்டதே ஒரு பழைய கல்லறைக் கல்லில்தானாம். உள்ளே படுத்திருந்தவர் பெயரையே பாறைக்கும் வைத்துவிட்டார்களாம். "கல்லறையிலேர்ந்து வந்த பேரு. திரும்பக் கொண்டுபோய் விட்டுடுங்க." சரி மேடம் என்றார் அவர்.

மேடம் என்பது கல்யாணத்துக்கு முன்னால் ஒட்டிக்கொண்டது. பல்கலைக்கழகத்தில் கல் அறுக்கிற இயந்திரம் பழுதாகிக் கிடந்தபோது, கையில் ஒரு கல் துண்டோடு அவள் கடை வாசலில் வந்து நின்றாள். இதைக் கண்ணாடியில் ஒட்டி, வெளிச்சம் ஊடுருவுகிற அளவுக்குத் தேய்த்துத் தர முடியுமா? கல்லு கெட்டியாக இருக்கும், தேயுமா? "எங்க கடையில தேயாதது வாடிக்கையாளர் வாய் மட்டும்தான் மேடம்" என்றார். அவள் சிரித்தாள். அவ்வளவுதான், ஆள் காலி.

பிறகு பல்கலைக்கழகத்து இயந்திரம் சரியானதா என்று யாரும் கேட்கவில்லை. அவள் கல்லையெல்லாம் அவர்தான் சீவினார். வைரப்பல் சக்கரத்தில் மெல்லிய வில்லையாக அறுத்து, கண்ணாடித் தகட்டில் ஒட்டி, கண்ணாடி மேல் சாணைப் பொடியும் தண்ணீரும் விட்டுச் சுற்றிச் சுற்றித் தேய்க்க வேண்டும். செய்தித்தாள் மேல் வைத்தால் கல்லின் ஊடாக எழுத்து தெரியும். அப்போதும் பற்றாது. அவள் பின்னறையில் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்துவிட்டு அங்கிருந்தே குரல் கொடுப்பாள். இன்னும். இன்னும். போதும். அவர்களுடைய இல்லறத்தில் பாதிப் பேச்சு இந்த இரண்டு வார்த்தைதான்.

பாறை உண்டாகிற கதையை அவள் அவருக்கு எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். பூமிக்குள் எல்லாம் உருகிக் குழம்பாகி, பிறகு ஆறிக் கெட்டியானால் அது தீப்பாறை. ஆழத்தில் நிதானமாக ஆறினால் மணி மணியாகப் பெரிதாய்ப் படியும், கிரானைட் மாதிரி. மேலே வந்து சட்டென்று ஆறினால் மணி கண்ணுக்கே தெரியாது. இன்னொரு வகை, உருகவே உருகாது. சூட்டிலும் அழுத்தத்திலும் கெட்டியாக இருந்த இடத்திலேயே இருந்துகொண்டு, உள்ளுக்குள் மட்டும் வேறு ஆளாக மாறிவிடும். அது உருமாறிய பாறை, அவளுடைய கட்சி. மூன்றாவதாகப் படிவுப் பாறை என்று ஒன்று உண்டு. அதை அவள் மண்ணு என்பாள்.

"இருந்த இடத்துலயே இருந்து மாறறதா? என்னை மாதிரின்னு சொல்லு."

"நீங்க இன்னும் அந்த வெப்பநிலைக்கு வரலைங்க."

எதிர்க்கட்சி என்று ஒருவர் இருந்தார். அதே துறையில் அவளுக்கு மூத்தவர். உலகத்தில் எதைக் காட்டினாலும் உருகிய குழம்பிலிருந்து வந்தது என்று சாதிப்பார் என்பதால் மாணவர்கள் குழம்பு சார் என்று பெயர் வைத்திருந்தார்கள். சார்னோக்கைட் குழம்பிலிருந்து ஆறியது என்பது அவர் கட்சி. பழைய பாறை உருகாமலே உருமாறியது என்பது இவள் கட்சி. முப்பது வருஷம் சண்டை போட்டார்கள். ஆராய்ச்சி இதழில், கருத்தரங்கில், தேநீர் இடைவேளையில், ஒரு தடவை மகளின் பிறந்தநாள் விருந்தில் மெழுகுவத்தி அணைவதற்கு முன்னால். அவர் இவளை "அந்தம்மா" என்பார். பல்செட்டுக்காரரை மட்டும் வாய் நிறைய "மாப்பிள்ளை" என்று கூப்பிடுவார். எங்க டிபார்ட்மென்ட் பொண்ணைக் கட்டினவர் எங்களுக்கு மாப்பிள்ளைதானே என்பது அவர் கணக்கு.

அந்தக் கல் இந்தச் சண்டைக்காக வந்தது. ஊருக்கு வெளியே ஒரு குவாரியில் வெடி வைத்த முகத்தில் அவள் பார்த்தாள். சாம்பல் நிறப் பாறை, அதில் வரி வரியாகக் கோடுகள். நடுவில் எண்ணெய் சிந்தின மாதிரி கரும்பச்சையாக ஒரு திட்டு. அந்தத் திட்டுதான் சார்னோக்கைட். சாம்பலில் ஓடிய கோடு திட்டுக்குள் நுழைந்து, நெளியாமல் அறுபடாமல் அந்தப் பக்கம் வெளியே வந்தது. பலகையாக அறுத்து லாரியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டாள். "குழம்பு உள்ள பூந்திருந்தா கோட்டை வெட்டிக்கிட்டு வந்திருக்கும்ல? வெட்டலை. வெளியிலேர்ந்து குழம்பு எதுவும் வரலைங்க. அங்கயே இருந்துதான் மாறியிருக்கு." குழம்பு சாரை வந்து பார்க்கச் சொல்லிச் சொல்லி அலுத்தாள். அவர் வரவே இல்லை. ஒரு கல்லை வைத்து மலையைப் பேசக் கூடாது என்றார். படம் அனுப்பினாள். போட்டோவில் எல்லாரும் அழகுதான் என்று பதில் வந்தது.

நிபுணர் என்றால் ஊரில் இப்போது அவர் ஒருத்தர்தான். பல்செட்டுக்காரர் போனார்.

ஓய்வு பெற்ற பிறகும் அவருக்குத் துறையில் ஓர் அறை இருந்தது. வேறு யாருக்கும் வேண்டாத அறை. மேசை மேல் தூசி, தூசி மேல் கற்கள். விஷயத்தைக் கேட்டார்.

"இவ்வளவுதானா மாப்பிள்ளை? குழம்புலேர்ந்து வந்த சார்னோக்கைட் கிரானைட் குடும்பம்தான். பைராக்சின்னு ஒரு தாது இருக்கிற கிரானைட். அதைத்தானே நான் முப்பது வருஷமா கத்திக்கிட்டிருக்கேன்."

"அவ ஒத்துக்க மாட்டா சார்."

"அந்தம்மா எதைத்தான் ஒத்துக்கிச்சு?"

சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் பார்த்தார். சண்டையில் கடைசி வார்த்தை அவருக்குக் கிடைக்கப்போகிறது. அதுவும் எதிராளியின் தலைமாட்டிலேயே. ஓர் ஆராய்ச்சியாளனுக்கு இதைவிடப் பெரிய வெற்றி கிடையாது. ஆனால் அவர் முகத்தில் அதைக் காணோம்.

"ஒரு சீவல் எடுத்துக் கொண்டாங்க. சீவல் பார்க்காம பேரு சொல்றது எங்க டிபார்ட்மென்ட்ல வழக்கம் இல்லை."

"இத்தனை வருஷமா பார்க்காமத்தானே சொன்னீங்க?"

"அது சண்டை மாப்பிள்ளை. இது சர்ட்டிபிகேட்."

பல்செட்டுக்காரர் வீட்டுக்கு வந்து, கல்லில் மண்ணுக்குள் போகப்போகிற கீழ் மூலையில், சாம்பலும் கரும்பச்சையும் சந்திக்கிற இடமாகப் பார்த்து, உளி வைத்து இரண்டு துண்டு எடுத்தார். முதல் அடி விழவில்லை. உளி வழுக்கிற்றா கை வழுக்கிற்றா தெரியாது. கடைக்குக் கொண்டுபோய் முதல் துண்டை அறுத்து, ஒட்டி, தேய்த்தார். தேய்த்துக்கொண்டே இருந்தார். பின்னறையில் சத்தம் இல்லை. தூக்கிப் பார்த்தபோது தகட்டில் பசை மட்டும் இருந்தது, கல்லைக் காணோம். போதும் என்று சொல்ல ஆள் இல்லாமல் மொத்தத்தையும் தேய்த்துவிட்டார்.

இரண்டாவது துண்டுக்கு, அவள் நுண்ணோக்கியைத் துணி நீக்கி எடுத்து மேசையில் வைத்துக்கொண்டார். அவருக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. ஒளியைக் குறுக்கும் நெடுக்குமாக வடிகட்டிப் பார்த்தால், சர்க்கரை மாதிரி இருக்கிற குவார்ட்ஸ் மணி மஞ்சளாகத் தெரியக் கூடாது. வெளிறின சாம்பலாகத் தெரிய வேண்டும். மஞ்சள் என்றால் தடிமன். தேய்த்தார், பார்த்தார். தேய்த்தார், பார்த்தார். சாம்பல் வந்ததும் "போதும்" என்று தானே சொல்லிக்கொண்டார். கடைக்கு எதிரே நின்றிருந்த ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார்.

குழம்பு சார் சீவலை வைத்துவிட்டு மேடையைச் சுற்றினார். பிறகு எதிர்ப்பக்கமாகச் சுற்றினார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி குனிந்தார். தேநீர் வந்து ஆடை கட்டியது.

"இங்க வந்து பாருங்க மாப்பிள்ளை."

"எனக்கு என்ன சார் தெரியும்?"

"தெரிய வேண்டாம். பாருங்க."

ஒரு மணி, சுற்றினால் இளஞ்சிவப்பிலிருந்து பச்சைக்கு மாறியது. அதன் வயிற்றுக்குள் பழுப்பாகக் கிழிசல் கிழிசலாக ஏதோ இருந்தது.

"பெரிசா இருக்கிறது பைராக்சின். உள்ள கந்தலா கிடக்கிறது மைக்கா. பழைய பாறையில இருந்த மைக்கா. அதைத் தின்னுதான் இது வளர்ந்திருக்கு. அது கூடப் பரவாயில்ல, ஏதாவது சொல்லிச் சமாளிப்பேன். அந்தக் கந்தல் எல்லாம் எந்தத் திசையில படுத்திருக்கு பாருங்க."

எல்லாம் ஒரே பக்கமாகப் படுத்திருந்தன. மணிக்கு வெளியே ஓடுகிற கோடு எந்தப் பக்கமோ அதே பக்கம்.

"குழம்புல மிதந்து வந்திருந்தா மூலைக்கு ஒண்ணா திரும்பிக் கிடக்கும். இது அசையவே இல்லை."

"அப்படின்னா?"

"அப்படின்னா அவங்க சொன்னதுதான்." குழம்பு சார் நாற்காலியில் சாய்ந்தார். "பெரிய பெரிய மலையெல்லாம் இருக்கே, அது என்னுது. அதை நான் விட்டுத் தர மாட்டேன். இந்தக் கல்லு அவங்களுது."

அந்தம்மா எப்போது அவங்க ஆனாள் என்பதை அவர் கவனித்ததாகத் தெரியவில்லை.

"சரி சார். கிரானைட்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க."

"எப்படிப் போடறது?"

"பேனாவாலதான்."

"மாப்பிள்ளை, நேத்துப் போட்டிருந்தா மனசாரப் போட்டிருப்பேன். நேத்து அது என் கருத்து. இன்னைக்குப் போட்டா பொய்."

"பொய்யாவே இருக்கட்டுமே. யாரு பார்க்கப் போறா?"

"அவங்க கல்லு விஷயத்துலயா? அவங்க உயிரோட இருந்தா, வம்புக்காவது போட்டிருப்பேன். இப்ப எப்படிங்க?"

பல்செட்டுக்காரர் படியிறங்கும்போது கணக்குப் போட்டுப் பார்த்தார். முப்பது வருஷச் சண்டையில் அவள் ஜெயித்துவிட்டாள். ஜெயித்ததால் அவளுக்குத் தலைமாட்டில் கல் கிடையாது. தோற்றிருந்தால் கிடைத்திருக்கும். இதை யாரிடம் சொல்லிச் சிரிப்பது என்று பார்த்தால், சிரிக்கிறவள்தான் இல்லை.

மகள் போனில் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு வழி சொன்னாள். "கடையில கருப்புப் பலகை வாங்கி வைங்க. அதுவும் கிரானைட் இல்லை, ஆனா அதை யாரும் கேட்க மாட்டாங்க."

"உங்கம்மா அதைக் கேக்கலையே."

"அப்ப பொய் சொல்லுங்க."

"நீ சொல்லுவியா?"

மகள் யோசித்தாள். சோதனைக்கூடத்தில் தப்பான எண்ணை எழுதச் சொன்னவனை வெளியே போகச் சொன்னவள் அவள். "என்னால முடியாதுப்பா" என்றாள். "அம்மாவாலயும் முடியாது. நம்ம வீட்டுல அதுக்கு நீங்க ஒருத்தர்தான்."

அவர் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார். தொழிலே பொய்ப்பல் செய்வது.

மறுநாள் காலை அலுவலகத்துக்குப் போனார். குழம்பு சாரும் கூட வந்தார். உள்ளே வர மாட்டேன், என்னைக் கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுவேன் என்று வாசலில் மரத்தடியிலேயே நின்றுகொண்டார்.

"கிரானைட்தான்மா" என்றார் பல்செட்டுக்காரர்.

"அன்னைக்கு இல்லைன்னீங்களே சார்?"

"அன்னைக்கு எனக்குத் தெரியாது."

"நிபுணர் பார்த்தாங்களா?"

"பார்த்தார். அதோ வெளிய நிக்கிறாரே, அவர்தான். டீகூடக் குடிக்காம பார்த்தார்."

"என்ன சொன்னாங்க?"

"இப்படி ஒரு கல்லைப் பார்த்ததே இல்லைங்கிற மாதிரி இருந்துட்டார்."

அந்தப் பெண் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். வெள்ளைத்தலை, கழுத்தில் தொங்குகிற உருப்பெருக்கிக் கண்ணாடி. நிபுணர் மாதிரிதான் இருந்தார். விசையைத் தட்டினாள். பட்டியல் விரிந்தது, மூடியது.

அவர் காத்திருந்தார். எதற்கு என்று முதலில் தெரியவில்லை. கிரானைட் என்று சொன்னால் ஒரு குரல் வர வேண்டும். வரவில்லை. மின்விசிறிச் சத்தம்தான் இருந்தது.

"வேற ஏதாவது வேணுமா சார்?"

"ஒண்ணும் இல்லம்மா. திட்டுறதுன்னா வந்து திட்டட்டும்னு பார்த்தேன்" என்று எழுந்தார். அவளுக்குப் புரிந்திருக்காது.

கல்லை நடுகிற அன்று மகளும் வந்திருந்தாள். கடப்பாரையும் கயிறுமாக ஆட்கள் பலகையைக் குழி விளிம்புக்குக் கொண்டுவந்தார்கள். எழுத்து வெட்டுகிறவர், எந்த எழுத்து வெட்டுகிறவரும் செய்கிற மாதிரி, கோடும் கறையும் இல்லாத பக்கமாகப் பார்த்துப் பெயரை வெட்டியிருந்தார். அழகான எழுத்து. அந்தப் பக்கத்தைப் பாதையைப் பார்க்க வைத்து இறக்கப்போனபோது குழம்பு சார் குறுக்கே வந்தார்.

"அந்தப் பக்கம் இல்லப்பா. கோடு ஓடுற பக்கம் முன்னாடி வரணும்."

"அதுல பேரு இல்லைங்களே" என்றான் கயிறு பிடித்திருந்தவன்.

"பேரு எல்லாக் கல்லுலயும்தான் இருக்கு."

"இப்படி வெச்சா உள்ள யாருன்னு எப்படிங்க தெரியும்?"

எல்லாரும் பல்செட்டுக்காரரைப் பார்த்தார்கள். அவர் மகளைப் பார்த்தார். மகள் கல்லைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"திருப்பிடுங்க" என்றார். "யாருன்னு தெரியணும்னா சுத்தி வந்து பார்க்கட்டும்."

திருப்பினார்கள். மண் தள்ளி, மட்டம் பார்த்து, மிதித்து இறுக்கினார்கள். பல்செட்டுக்காரர் பின்னால் போய், எழுத்துக்குள் அடைந்திருந்த மண்ணைத் தண்ணீர் ஊற்றி விரலால் எடுத்தார். மகள் பக்கத்தில் உட்கார்ந்து கடைசி எழுத்திலிருந்து ஆரம்பித்தாள்.

முன்பக்கம் குழம்பு சார் முழங்கால் முனகக் குந்தி உட்கார்ந்திருந்தார். உருப்பெருக்கியைக் கண்ணில் வைத்து, சாம்பலில் ஒரு கோட்டைப் பிடித்து, கரும்பச்சைக்குள் நுழைந்து, அந்தப் பக்கம் வரைக்கும் விரலாலேயே போய் வந்தார். பிறகு கயிறு சுருட்டிக்கொண்டிருந்தவனைக் கூப்பிட்டு விளக்க ஆரம்பித்தார். கோட்டைப் பாரு, எங்கயாவது அறுபட்டிருக்கா? குழம்பு பூந்திருந்தா வெட்டிக்கிட்டு வந்திருக்கும்ல? வெட்டலை. வெளியிலேர்ந்து எதுவும் வரலைப்பா, அங்கயே இருந்துதான் மாறியிருக்கு.

கயிற்றுக்காரன் மரியாதையாகக் குனிந்து பார்த்தான். "அப்ப இது கிரானைட் இல்லைங்களா சார்?" என்று உரக்கக் கேட்டான்.

குழம்பு சார் அலுவலக ஜன்னலைத் திரும்பிப் பார்த்தார்.

"மெதுவாப் பேசுப்பா."